பரதேசியின் நம்பிக்கை: மொல்ட்மானின் இரு நூல்களை முன்வைத்து

புலம்பெயர்ந்த எமது சூழலில் அதிகம் புழங்கித் தேய்ந்துபோன சொற்களில் ஒன்று 'நம்பிக்கை'. அரசியற் கூட்டங்களிலும் கலைவிழா மேடைகளிலும் அது இல்லாமல் ஒரு பேச்சு முடிவதில்லை. ஆயினும் அச்சொல் மிகத் தாராளமாகப் பயன்படுவது எமது செபக்கூட்டங்களிலும் அவை வெளியிடும் துண்டுப்பிரசுரங்களிலும்தான். 'சாட்சி' என்ற பெயரில் வரும் இப்பிரசுரங்களைப் பல ஆண்டுகளாக நாம் படித்து வந்திருக்கிறோம். அவற்றின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. ஊரில் பட்ட துன்பம் முதற் பந்தியில் வரும். ஏஜென்சிக்காரனிடம் காசைக் கொடுத்துவிட்டு நாடு நாடாக அலைந்தது இரண்டாவதில். தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது மூன்றாவதில். பிறகு யாரோ ஒருவர் செபக்கூட்டத்துக்கு அழைத்துச் செல்வார். சில மாதங்களில் விசா கிடைக்கும். கடைசி வரியில் நம்பிக்கை வந்து நிற்கும்.

இதனைக் கேலி செய்வது எமது நோக்கமல்ல. 1980களின் நடுப்பகுதியில் கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி மேற்கு பேர்லினுக்குள் வந்து சேர்ந்த தலைமுறை எம்முடையது. முகாமின் எட்டுக் கட்டில் அறைக்குள் பழைய குளிர்ச் சட்டைகளைச் சுமந்துகொண்டு வந்து, பாஷை தெரியாமல் கைச்சாடையால் 'சாப்பிட்டீர்களா' என்று கேட்டவர்களிற் பலர் ஏதோவொரு தேவாலயத்தைச் சேர்ந்தவர்களாகவே இருந்தனர். எம்மில் சைவர்களும் இருந்தோம், கடவுள் இல்லையென்று வாதிட்டவர்களும் இருந்தோம். அந்தச் சட்டைகளை நாம் எல்லோரும்தான் போட்டுக்கொண்டோம்.

எமது சிக்கல் வேறு. அதே அறையில், அதே இரவில், அதே செபத்தைச் சொன்ன இன்னொருவன் இருந்தான். அவனுடைய கேஸ் வெல்லவில்லை. ஒரு நாள் அதிகாலையில் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவனைப் பற்றி எந்தத் துண்டுப்பிரசுரமும் வரவில்லை, வரவும் முடியாது. ஏனெனில் அந்த இலக்கிய வடிவத்தில் தோற்றவனுக்கு இடமில்லை. கிறிஸ்தவ நம்பிக்கை என்று ஒன்று உண்டெனில், அது இவனைப் பற்றி என்ன சொல்லும்? இக்கேள்வியோடுதான் யூர்கன் மொல்ட்மானை நாம் வாசித்தோம். 2024 ஜூன் 3ஆம் திகதி ரியூபிங்கனில், தமது 98ஆவது வயதில் அவர் காலமானபோது, அவருடைய 'நம்பிக்கையின் இறையியல்' (1964), 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' (1972) ஆகிய இரு நூல்களையும் மீண்டும் எடுத்துப் புரட்டினோம். அந்த மறுவாசிப்பின் விளைவே இக்கட்டுரை.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது பேசவேண்டும். தமிழில் 'நம்பிக்கை' என்பது பல வேலைகளைச் செய்கிறது. ஒருவரை நம்புவதும் நம்பிக்கை, கடவுள் உண்டு என்பதும் நம்பிக்கை, நாளை விடியும் என்பதும் நம்பிக்கை. பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் பவுலின் மூன்று சொற்கள் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று வந்தன. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு விசுவாசத்தின் இடத்தில் நம்பிக்கையை இருத்தி, நம்பிக்கை இருந்த இடத்துக்கு 'எதிர்நோக்கு' என்ற சொல்லைக் கொண்டுவந்தது. 2025ஆம் ஆண்டைக் கத்தோலிக்கத் திருச்சபை யூபிலி ஆண்டாகக் கொண்டாடியபோது தமிழில் கேட்டதும் இச்சொல்லையே. காதுக்குச் சற்று முரடாக ஒலித்தாலும் இது ஒரு உண்மையைச் சொல்லும் சொல். எதிரே நோக்குதல் என்றால், இன்னும் வராத ஒன்றைப் பார்த்துக்கொண்டு நிற்றல். வந்துவிட்ட விசாவைப் பற்றி எதிர்நோக்கு என்று எவரும் எழுத முடியாது.

மொல்ட்மான் 1926இல் ஹம்பேர்க்கில், மதப்பற்று அதிகமில்லாத ஒரு குடும்பத்தில் பிறந்தவர். 1943இல் பாடசாலை மாணவனாக இருக்கையிலேயே விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையில் சேர்க்கப்பட்டார். அவ்வாண்டு ஜூலை இறுதியில் பிரித்தானிய விமானங்கள் ஹம்பேர்க்கை எரித்தன. பல்லாயிரக்கணக்கானோர் மாண்டனர். அவருக்கு அருகிலேயே நின்ற பள்ளித்தோழன் குண்டுக்குப் பலியானான். இவர் உயிர் தப்பினார். கடவுளே நீ எங்கே என்ற கேள்வியும், நான் மட்டும் ஏன் சாகவில்லை என்ற கேள்வியும் அன்றிரவு எழுந்தவை என்று பின்னாளில் பலமுறை எழுதியிருக்கிறார். இரண்டாவது கேள்வியை வாசிக்கும்போது எமக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தப்பி வந்தவன் எவனும் அறிந்த கேள்வி அது.

1945 பெப்ரவரியில் பிரித்தானியப் படையிடம் சரணடைந்தார். பெல்ஜியத்திலும் பின் ஸ்கொட்லாந்திலும் கைதி முகாம்கள். வீதி போடும் வேலை. அங்கு ஒரு படைக்குருவானவரிடமிருந்து அவருக்கு ஒரு வேதாகமம் கிடைத்தது. சிகரெட் கிடைத்திருந்தால் சந்தோஷப்பட்டிருக்கக்கூடிய நிலையில் அதைப் புரட்டியவரை நிறுத்தி வைத்தவை இரண்டு பகுதிகள். ஒன்று 39ஆம் சங்கீதம். மற்றது மாற்குவின் நற்செய்தியில், கடவுளே தன்னைக் கைவிட்டது ஏன் என்று கேட்டுக்கொண்டு இயேசு சாகும் இடம்.

39ஆம் சங்கீதம் ஆறுதல் தரும் பாட்டல்ல. வாயை மூடிக்கொண்டிருந்து உள்ளே எரிந்துபோன ஒருவன் கடைசியில் வாய் திறந்து முறையிடுகிறான். முடிவில், கொஞ்சம் இளைப்பாற விடு, உன் பார்வையை என்மேலிருந்து எடு என்று கடவுளிடமே கேட்கிறான். அவன் தன்னைக் குறிக்கப் பயன்படுத்தும் சொல் தமிழ் வேதாகமத்தில் 'பரதேசி'. எமது ஊரில் அது வசைச்சொல். இங்கு வந்தபின் அது எமது சட்டபூர்வமான நிலை. முட்கம்பிக்குள் இருந்த ஒரு ஜேர்மன் இளைஞன் அச்சங்கீதத்தில் தன் குரலைக் கேட்டிருக்கிறான். நம்பிக்கையைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட முக்கியமான கிறிஸ்தவ நூல்களில் ஒன்று முறைப்பாட்டில் வேர்கொண்டது என்பதுதான் எமக்கு முதலில் முக்கியமாகப் பட்டது.

எமது சாட்சிப் பிரசுரங்களின் குறையும் இங்கேதான் தெளிவாகிறது. அவை முறைப்பாட்டை விரைவாகக் கடந்துவிடுகின்றன. அழுகை அங்கு விசாவுக்கு முந்திய ஒரு படி மட்டுமே. இத்தனைக்கும் அழத் தெரியாத மரபல்ல எம்முடையது. பதினெட்டாம் நூற்றாண்டில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழில் எழுதிய வியாகுல பிரசங்கத்தை, தவக்காலத்தில் இராகமிழுத்து வாசித்து, கேட்பவர் கண்ணீர் விடும் வழக்கம் எமது கத்தோலிக்கக் கிராமங்களில் நிலைத்து வந்தது. பேசாலையின் உடக்குப் பாஸ் பாவைகளைக்கொண்டு பாடுகளைக் காட்டியது. அச்சனங்கள் உயிர்ப்பு ஞாயிறுக்குப் போகும் முன் பெரிய வெள்ளியில் போதிய நேரம் இருந்தார்கள். புலம்பெயர்ந்த எமது மேடைகளில் வெள்ளிக்கிழமை மிகவும் சுருங்கிவிட்டது.

இனி நூலுக்கு வருவோம். 'நம்பிக்கையின் இறையியல்' எழுதப்படுவதற்கு ஒரு மார்க்சியவாதியும் காரணம் என்பது எம் வாசகர்களிற் பலருக்குச் சுவையான செய்தியாக இருக்கும். நாசிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவில் அகதியாக இருந்தபோது எர்ன்ஸ்ட் புளொக் என்ற யூத மார்க்சியர் எழுதிய பெருநூல் 'நம்பிக்கைக் கோட்பாடு'. யுத்தத்தின் பின் கிழக்கு ஜேர்மனிக்குப் போய், அங்கும் ஒத்துப்போகாமல், 1961இல் பேர்லின் மதில் எழுந்தபோது மேற்கிலேயே தங்கி ரியூபிங்கனில் பேராசிரியரானவர். அகதி எழுதிய நூலை முன்னாட் கைதி வாசித்ததன் விளைவு 'நம்பிக்கையின் இறையியல்' என்று சொன்னால் மிகையாகாது. கிறிஸ்தவர்கள் தமது நம்பிக்கையை மறுவுலகத்தில் பத்திரப்படுத்திவிட்டு, இவ்வுலக மாற்றத்தை மற்றவர்களிடம் விட்டுவிட்டார்கள் என்று மொல்ட்மான் கண்டார். அவருடைய மையவாதம் இதுதான்: வாக்களிக்கப்பட்ட எதிர்காலத்தை நம்புகிறவனால் இன்றைய நிலைமையோடு சமாதானமாகப் போக முடியாது. நம்பிக்கை மனதை அடக்காது, அமைதியிழக்கச் செய்யும். அநீதியைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டவனே நம்பிக்கை இழந்தவன்.

இதை வாசித்தபோது எமக்கு நினைவில் வந்தவர்கள் இறையியல் படித்தவர்களல்லர். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலின் முன் தெருவோரத்தில் குந்திய தாய்மார். பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். மரணச் சான்றிதழும் நட்டஈடும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும்படி சொல்லப்பட்டபோது அவர்கள் போகவில்லை. அவர்களில் எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள். 2009 மே 18ஆம் திகதி வட்டுவாகலில், சரணடைந்தவர்களோடு தானும் கூடப்போன பிரான்சிஸ் ஜோசப் அடிகளாருக்கும் அவரோடு போனவர்களுக்கும் என்ன நடந்தது என்பதற்கு இலங்கை அரசு பதில் தரவில்லை. இந்தத் தாய்மாரை நம்பிக்கையிழந்தவர்கள் என்று பலர் எழுதுகிறார்கள். மொல்ட்மானின் அளவுகோலால் பார்த்தால் எம்மிடையே நம்பிக்கை உள்ளவர்கள் அவர்களே. நாம்தான் பழகிப்போனவர்கள்.

புளொக்கோடு மொல்ட்மான் வேறுபடும் இடமும் எமக்கு முக்கியமானது. எதிர்காலச் சமுதாயம் நல்லதாக அமைந்தாலும், ஏற்கெனவே கொல்லப்பட்டவனுக்கு அதனால் என்ன? வருங்காலம் வருங்காலத்தவருக்கே பயன்படுமெனில், செத்தவன் பசளையாகிறான். உயிர்த்தெழுதல் என்ற கிறிஸ்தவப் போதனையை மொல்ட்மான் இங்கேதான் முன்வைக்கிறார். இறந்தவனுக்கும் நீதி பாக்கியிருக்கிறது என்பதே அதன் பொருள் என்கிறார். எமது அரசியல் மொழியில் இறந்தவர்கள் 'விதைக்கப்பட்டவர்கள்' ஆனார்கள். அந்த உருவகம் எத்தனையோ வீடுகளில் துயரத்தைத் தாங்க உதவியது என்பதை மறுக்கமாட்டோம். ஆனால் விதைக்கு முகமில்லை. விளைச்சல்தான் அங்கு கணக்கு. உயிர்த்தெழுதலை நம்பாதவர்களுக்கும், எம்மிற் சிலர் அப்படித்தான், இந்த விமர்சனம் பொருந்தும். இறந்தவனை எமது எதிர்காலத்துக்குக் கருவியாக்கும் எந்த நம்பிக்கையும் அவனை இரண்டாம் முறை கொல்கிறது.

அடுத்துச் சொல்ல வேண்டியது சங்கடமான விடயம். ஸ்கொட்லாந்து முகாமில் ஒரு நாள் கைதிகளின் குடிசையில் படங்கள் தொங்கவிடப்பட்டன. பெல்சன், புகன்வால்ட் வதைமுகாம்களின் படங்கள். இது எதிரியின் பிரசாரம் என்று முதலில் நினைத்தவர்கள் மெல்ல மெல்லத் தமது நாடு செய்தது என்னவென்று உணர்ந்தார்கள். தாம் எரிந்த ஊரின் பிள்ளை மட்டுமல்ல, எரித்த நாட்டின் சிப்பாயும்தான் என்ற அறிவு மொல்ட்மானை நொறுக்கியது. 1947இல் இங்கிலாந்தின் சுவன்விக்கில் நடந்த கிறிஸ்தவ மாணவர் மாநாட்டுக்குக் கைதியுடையோடு போனார். அங்கு ஒல்லாந்து மாணவர்கள் சிலர் ஜேர்மன் கைதிகளைச் சந்திக்க விரும்பினார்கள். ஜேர்மன் ஆக்கிரமிப்பில் தமது வீடுகளுக்கும் யூத நண்பர்களுக்கும் நேர்ந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார்கள். சொல்லிவிட்டுக் கைகொடுத்தார்கள். தன் நம்பிக்கை திரும்பி வந்த இடங்களில் ஒன்றாக மொல்ட்மான் இதைக் குறிப்பிடுகிறார்.

இந்த ஒழுங்கைக் கவனிக்கவேண்டும். முதலில் படங்கள், பின் உண்மையைக் கேட்டல், பின்னரே கைகொடுத்தல். எமது நம்பிக்கைப் பேச்சில் நாம் எப்போதும் எரிந்த ஊரின் பிள்ளைகள் மட்டுமே. 1995 ஜூலை 9இல் நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள்மீது விமானப்படை குண்டு போட்டு நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1999 நவம்பர் 20இல் மடுத் திருத்தலத்தில் எறிகணை விழுந்து சுமார் 40 பேர் இறந்தார்கள். இவற்றை ஒவ்வோராண்டும் நினைவு கூருகிறோம், கூரவும் வேண்டும். ஆனால் 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் நூற்றுக்கு மேல் கொல்லப்பட்டது எத்தனை தமிழ்ச் செபக்கூட்டங்களில் ஒரு நிமிட மௌனத்தையாவது பெற்றது? அவ்வாண்டு ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் முழுப்பேரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது ஓரிரு மணித்தியாலங்கள். அவர்கள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் இருந்தபோது நாம் இங்கே முகாம்களில் இருந்து எமது அகதி வாழ்வைப் பற்றிக் கவிதை எழுதினோம். எம்மிற் பலர் அப்போது பேசவில்லை. பயம் என்று சொல்லலாம். ஐரோப்பாவில் இருந்துகொண்டு எவ்வளவு பயம் என்பதை எமக்குள்ளே கேட்டுப் பார்க்கவேண்டும். தன் பங்குக் குற்றத்தைப் பாராத நம்பிக்கை வெறும் மறதி என்பது மொல்ட்மானிடமிருந்து நாம் பெற்ற கடினமான பாடம்.

இரண்டாவது நூலான 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' முதல் நூலைவிட இருண்டது. துன்பத்துக்கு அப்பால் அசையாமல் இருக்கும் கடவுள் என்ற பழைய எண்ணத்தை அது எதிர்க்கிறது. கைவிடப்பட்டவனின் கூக்குரலுக்குள்ளே கடவுள் இருக்கிறார் என்பது அதன் துணிவு. 1989 நவம்பர் 16இல் எல் சல்வடோரின் பல்கலைக்கழகமொன்றில் ஆறு இயேசுசபைக் குருக்களையும் அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்த பெண்ணையும் அவருடைய மகளையும் இராணுவத்தினர் கொன்றார்கள். கொலையாளிகள் ஓர் உடலை அறைக்குள் இழுத்துப்போட்டபோது அலுமாரியிலிருந்து விழுந்து இரத்தத்தில் நனைந்த நூல் இதுவே. அப்பிரதி இன்றும் அங்கு பாதுகாக்கப்படுகிறது. ஒரு நூலுக்கு இதைவிடப் பெரிய மதிப்புரை எழுதிவிட முடியாது.

எனினும் குறைகளைச் சொல்லாமல் விடலாகாது. மகனைச் சாவுக்குக் கையளிக்கும் தந்தை என்ற சித்திரத்தில் கொடூரம் இருக்கிறது என்று டொரோதே ஸொல்லே என்ற ஜேர்மன் இறையியலாளர் 1973இலேயே கண்டித்தார். பிள்ளையை இயக்கத்துக்குக் கையளிக்க நிர்ப்பந்திக்கப்பட்ட தாய்மாரின் இனத்தவரான நாம் அக்கண்டனத்தை இலேசாகத் தள்ளமுடியாது. மொல்ட்மான் வரலாற்றைப் பற்றிப் பேசுகிறாரேயொழியக் குறிப்பான அரசியல் தெரிவுகளுக்குள் இறங்கத் தயங்குகிறார் என்று ஆர்ஜெந்தீனாவின் மீகெஸ் பொனினோ 1975இல் எழுதினார். மொல்ட்மான் அவருக்குத் திறந்த மடல் ஒன்றில் காரசாரமாகப் பதில் சொன்னார். இருவரில் எவர் சரியென்பது ஒருபுறமிருக்க, ஜேர்மன் தத்துவப் பழக்கமில்லாதவர் இவ்விரு நூல்களுக்குள் நுழைய மிகவும் சிரமப்படவேண்டும். வியாகுல பிரசங்கம் கேட்டழுத கிழவிக்கு இவ்வளவு சுற்றிவளைப்பு வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அந்தத் தத்துவம் வாழ்வில் என்ன உருவெடுக்கும் என்பதை நாம் வந்திறங்கிய பேர்லினே எமக்குக் காட்டியது. 1983 ஆகஸ்ட் 30இல், துருக்கிக்கு நாடுகடத்தப்படும் அபாயத்தில் இருந்த செமால் கெமால் அல்துன் என்ற 23 வயது இளைஞர் நீதிமன்றத்தின் ஆறாம் மாடி யன்னலால் குதித்து இறந்தார். அவ்வாண்டிலேயே குரொய்ஸ்பேர்க்கின் திருச்சிலுவைத் தேவாலயச் சபை, நாடுகடத்தப்படவிருந்த குடும்பங்களைத் தன் கூரையின்கீழ் வைத்துக்கொண்டது. ஜேர்மனியில் தேவாலயத் தஞ்சம் தொடங்கியது அப்படித்தான். அச்சபையார் இன்னும் வராத நீதியை எதிர்நோக்கிக் கதவைத் திறந்தார்கள். விசா வாங்கித் தருவதாக எவருக்கும் அவர்கள் வாக்குக் கொடுக்கவில்லை. கொண்டுபோக வருகிறவர்கள் தம்மைத் தாண்டித்தான் வரவேண்டும் என்றார்கள்.

எமது அறைத்தோழனுக்கு அப்படியொரு கதவு திறக்கவில்லை. அவன் போன அதிகாலையில் நாம் விழித்துத்தான் இருந்தோம். போர்வையை இழுத்து மூடிக்கொண்டோம். எமது கேஸ் அப்போது முடிவாகியிருக்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக நாம் சாட்சிப் பிரசுரங்களில் குறை கண்டதற்கு, அவற்றில் அவன் இல்லாதது மட்டுமல்ல, எமது போர்வையும் இல்லாததும் ஒரு காரணம் என்று இப்போது படுகிறது.

அப்படியொரு சாட்சியை எழுத எமது செபக்கூட்டங்களும் சிற்றிதழ்களும் இடம் கொடுக்குமாயின், நம்பிக்கை என்ற சொல்லை மீண்டும் கூச்சமில்லாமல் பயன்படுத்தலாம். அதுவரை எமக்குத் தெரிந்த நம்பிக்கை 39ஆம் சங்கீதக்காரனுடையது போன்றதே. அவன் பரதேசியாக நின்றுதான் பேசினான், ஆனாலும் பேசுவதை நிறுத்தவில்லை.